சதுரங்கப் பாடம்: பிரெஞ்சுத் தடுப்பு – இடம் குறைந்தால் ஆட்டம் முடிந்ததா?



இந்த முறை நமது சதுரங்கப் பக்கத்தில் ஓர் ஆரம்ப ஆட்டத்தை இரண்டு பக்கத்தில் இருந்தும் பார்க்கப் போகிறோம். காய்கள் எப்படி நகரும், காஸ்லிங் என்றால் என்ன, செக்மேட் என்றால் என்ன என்று தெரிந்தவர்களுக்கு இந்தப் பாடம் போதும். தெரியாத பெரியவர்கள், தெரிந்த பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு வாசியுங்கள். பிள்ளை சொல்லித்தர அப்பா அம்மா கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

எதற்காக இந்த ஆட்டத்தை எடுத்தோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். பாடசாலைகளுக்கு இடையிலான ஒரு போட்டிக்கு நம் தோட்டப் பக்கத்துப் பிள்ளை ஒன்று போனது. தரம் 8 படிக்கிற பிள்ளை. அம்மா கொழுந்து எடுக்கிறார். அன்றைக்கு ஒரு நாள் பேரை விட்டுவிட்டுத்தான் மகளைக் கூட்டிக்கொண்டு போனார். பிள்ளை கறுப்புக் காயில் விளையாடியது. 20 நகர்த்தலுக்குள் ஆட்டம் முடிந்துவிட்டது. திரும்பி வந்து நம்மிடம் சொன்னது இதுதான்: "எனக்கு நகர எடமே இல்லீங்க. எல்லாத்தையும் அவங்க புடிச்சிட்டாங்க. டவுன் பிள்ளைங்களோட நம்மளால முடியாது. நான் இனிமே போகல்ல."

அந்தப் பிள்ளை நகர்த்தல்களைக் கொப்பியில் ஒழுங்காக எழுதி வைத்திருந்தது. அதை வாங்கிப் பலகையில் வைத்துப் பார்த்தோம். முதல் இரண்டு நகர்த்தலில் அது ஒரு பிழையும் விடவில்லை. உலகத்தில் பெரிய பெரிய ஆட்டக்காரர்கள் விரும்பி விளையாடுகிற இடத்தில்தான் அது நின்றது. அங்கே என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவ்வளவுதான். சொல்லிக்கொடுக்காதது நம்முடைய பிழை. அதனால் இந்தப் பாடம்.

பலகையில் பெயர்கள்

வெள்ளை ஆட்டக்காரரின் இடது கையில் இருந்து வலது கைப் பக்கம் வரிசைகளுக்கு ஏ, பி, சி, டி, ஈ, எஃப், ஜி, எச் என்று பெயர். வெள்ளைப் பக்கத்தில் இருந்து மேலே போகப் போக 1 முதல் 8 வரை எண். ஆகவே வெள்ளை ராஜா நிற்பது ஈ1, கறுப்பு ராஜா நிற்பது ஈ8. காய்களை ராஜா, ராணி, யானை, பிஷப், குதிரை, சிப்பாய் என்று எழுதுகிறோம். உங்கள் பக்கம் யானையைக் கோட்டை என்றும் பிஷப்பை மந்திரி என்றும் சொல்வீர்கள் என்றால் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். பெயரில் ஒன்றும் இல்லை.

பலகையும் காயும் எடுத்து வைத்துக்கொண்டு வாசிக்க வேண்டும். வெறுமனே வாசித்தால் இந்தப் பாடம் தலையில் நிற்காது. பலகை இல்லாவிட்டால் அட்டையில் 64 கட்டம் கீறி, போத்தல் மூடிகளில் பெயர் எழுதி வைத்தாலும் சரிதான்.

பெயர் வந்த கதை

1834ஆம் ஆண்டு லண்டன் சதுரங்கக் கழகமும் பாரிஸ் சதுரங்கக் கழகமும் தபாலில் ஒரு போட்டி நடத்தின. ஒரு கடிதத்தில் ஒரு நகர்த்தல் போகும். பதில் கடிதத்தில் அடுத்த நகர்த்தல் வரும். லண்டன்காரர்கள் ராஜாவுக்கு முன்னால் நின்ற சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினார்கள். பாரிஸ்காரர்கள் தங்கள் சிப்பாயை ஒரே ஒரு கட்டம் தள்ளிப் பதில் கொடுத்தார்கள். பாரிஸ் வென்றது. அன்றில் இருந்து அந்தப் பதிலுக்குப் பிரெஞ்சுத் தடுப்பு என்று பெயர் நிலைத்துவிட்டது.

முதல் மூன்று நகர்த்தல்

1. வெள்ளை: சிப்பாய் ஈ4. கறுப்பு: சிப்பாய் ஈ6.
2. வெள்ளை: சிப்பாய் டி4. கறுப்பு: சிப்பாய் டி5.
3. வெள்ளை: சிப்பாய் ஈ5.

மூன்றாவது நகர்த்தலில் வெள்ளைக்கு வேறு வழிகளும் உண்டு. குதிரையை சி3க்கோ டி2க்கோ வைக்கலாம். ஈ4 சிப்பாயால் டி5ஐ வெட்டலாம். இன்றைக்கு நாம் எடுப்பது ஈ5க்குத் தள்ளுகிற வழி. இதில்தான் இரண்டு பக்கத்தின் எண்ணமும் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும்.

இப்போது பலகையைப் பாருங்கள். வெள்ளைச் சிப்பாய்கள் டி4இலும் ஈ5இலும் நிற்கின்றன. கறுப்புச் சிப்பாய்கள் ஈ6இலும் டி5இலும் நிற்கின்றன. முட்டிக்கொண்டு நிற்பதால் நான்கில் ஒன்றும் முன்னே போக முடியாது. நடுப்பலகை பூட்டிக்கொண்டது.

வெள்ளைக்குக் கிடைத்தது இடம். ஈ5 சிப்பாய் கறுப்பின் பக்கத்துக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. கறுப்புக் குதிரை வழக்கமாகப் போகிற எஃப்6 கட்டத்தை அது பார்த்துக்கொண்டிருக்கிறது. கறுப்பின் சி8 பிஷப்புக்கு முன்னால் சொந்தச் சிப்பாயே ஈ6இல் கதவை அடைத்து நிற்கிறது. இந்த பிஷப்தான் பிரெஞ்சுத் தடுப்பின் நெடுநாள் தலைவலி.

கறுப்புக்குக் கிடைத்தது என்ன? ஓட்டை இல்லாத ஒரு நிலை, தாக்குவதற்கு நிலையாக நிற்கிற ஒரு குறி. ஓடுகிற குறியை அடிப்பது கஷ்டம். நிற்கிற குறியை அடிக்கலாம். டி4 சிப்பாய் இனி எங்கேயும் போகாது.

கல்லுக்கட்டும் சிப்பாய்ச் சங்கிலியும்

மலைச்சரிவில் மண் சரியாமல் கல்லுக்கட்டு கட்டியிருப்பதை நாம் தினமும் பார்க்கிறோம். மழைக்காலத்தில் அந்தக் கட்டு எங்கே இருந்து சரியும்? மேல்கல் ஒன்று விழுந்தால் எடுத்துத் திரும்ப வைத்துவிடலாம். அடிக்கல்லைத் தண்ணீர் அரித்தால் முழுக் கட்டும் சரிந்துவிடும்.

குறுக்காக ஒன்றை ஒன்று தாங்கி நிற்கிற சிப்பாய்களுக்குச் சிப்பாய்ச் சங்கிலி என்று பெயர். வெள்ளையின் சங்கிலியில் ஈ5 மேல்கல், டி4 அடிக்கல். ரீகா நகரத்தில் பிறந்த ஆரோன் நிம்சோவிச் என்ற ஆட்டக்காரர் 1925இல் வெளிவந்த தனது புத்தகத்தில் இதை விளக்கமாக எழுதினார். சங்கிலியை அடியில் அடி என்பதுதான் அவர் சொன்ன பாடம்.

ஆகவே கறுப்பின் மூன்றாவது நகர்த்தல்: சிப்பாய் சி5. இதுதான் பிரெஞ்சுத் தடுப்பின் உயிர். வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

கறுப்பின் வேலைகள்

ஒன்று: டி4க்கு ஆள் சேர்ப்பது. சி5 தள்ளியதும் வெள்ளை, சிப்பாயை சி3க்கு வைத்து டி4ஐத் தாங்கும். கறுப்பு குதிரையை சி6க்கு வைக்கும். வெள்ளை குதிரையை எஃப்3க்கு வைக்கும். கறுப்பு ராணி பி6க்கு வரும். இப்போது டி4ஐப் பார்க்கிற கறுப்புக் காய்கள் எத்தனை? சி5 சிப்பாய் ஒன்று, சி6 குதிரை இரண்டு, சிப்பாய்க்குப் பின்னால் குறுக்காகப் பார்க்கிற ராணி மூன்று. ராணி அதோடு பி2 சிப்பாயையும் பார்க்கிறது. அதனால் வெள்ளையின் சி1 பிஷப் வீட்டை விட்டு வெளியே போகத் தயங்கும்.

இரண்டு: மற்றக் குதிரைக்கு வழி. எஃப்6 கட்டம் இல்லை என்று உட்கார்ந்துவிடக் கூடாது. ஜி8 குதிரை ஈ7 வழியாகவோ எச்6 வழியாகவோ எஃப்5க்குப் போகலாம். அங்கே இருந்து அது டி4ஐ நான்காவது ஆளாகத் தாக்கும். அதோடு வெள்ளை பிஷப் டி3இல் இருந்து கறுப்பு ராஜாவை நோக்கிப் பார்க்கிற கோட்டையும் மறைக்கும். ஒரே குதிரை இரண்டு வேலை செய்கிறது.

மூன்று: எஃப்6 தள்ளுவது. அடிக்கல்லை ஆட்டிய பிறகு மேல்கல்லையும் தட்டலாம். காஸ்லிங் செய்த பிறகு சிப்பாயை எஃப்6க்குத் தள்ளினால் ஈ5 சிப்பாய்க்குத் தொல்லை. எஃப் வரிசை திறந்தால் எஃப்8 யானைக்கும் வேலை கிடைக்கும். அவசரப்படக் கூடாது. எஃப்6 தள்ளினால் ஈ6 சிப்பாய் தனித்துப் பலவீனமாகும். ஈ5 கட்டத்தில் வெள்ளைக் குதிரை வந்து குந்திக்கொள்ளவும் கூடும். அதை விரட்டச் சிப்பாய் இருக்காது.

நான்கு: கெட்ட பிஷப்பைக் கழிப்பது. சி8 பிஷப்பை டி7க்கு எடுத்து, பிறகு பி5க்குக் கொண்டுபோய், வெள்ளையின் நல்ல பிஷப்போடு மாற்றிவிடலாம். இன்னொரு வழி, சிப்பாயை பி6க்குத் தள்ளி பிஷப்பை ஏ6க்குக் கொண்டுபோவது. நம்மிடம் வேலை இல்லாமல் நிற்கிற காயைக் கொடுத்து, அடுத்தவரின் நல்ல வேலைக்காரக் காயை வாங்குகிறோம். இதைவிட லாபமான மாற்று என்ன இருக்கிறது?

ஒரு எச்சரிக்கை: சி5இல் நிற்கிற சிப்பாயைக் காரணம் இல்லாமல் சி4க்குத் தள்ளிவிடாதீர்கள். "அவங்க பிஷப்ப டி3க்கு வரவிடாம அடைச்சிட்டேன்" என்று சந்தோஷமாக இருக்கும். ஆனால் டி4 மீது இருந்த அழுத்தமும் அதோடு போய்விடும். வெள்ளை மூச்சு விட்டுக்கொண்டு ராஜா பக்கம் வேலையைத் தொடங்கும். வெள்ளை ஏ3 தள்ளி, அடுத்தது பி4 தள்ளிப் பரவப் பார்க்கும்போது சி4 நல்ல பதிலாகலாம். அப்போது வெள்ளையின் பி3 கட்டம் பலவீனமாகும். கறுப்புக் குதிரை ஏ5 வழியாக அங்கே கண் வைக்கலாம். காரணத்தோடு தள்ளுங்கள் என்பதுதான் நாங்கள் சொல்வது.

வெள்ளையின் வேலைகள்

வெள்ளையில் விளையாடுகிற பிள்ளைகள் "எடம் நம்ம கையில, வெற்றியும் நம்ம கையில" என்று நினைத்துவிடக் கூடாது. இடத்தைப் பிடிப்பது ஒரு வேலை, காப்பாற்றுவது இன்னொரு வேலை.

ஒன்று: டி4ஐத் தாங்குவது. சி3 சிப்பாய், எஃப்3 குதிரை, டி1 ராணி ஆகிய மூன்றும் அதைத் தாங்குகின்றன. ஒவ்வொரு நகர்த்தலுக்கு முன்னும் எண்ண வேண்டும். தாக்குகிறவர் எத்தனை, தாங்குகிறவர் எத்தனை? தாக்குகிறவர் கூடினால் சிப்பாய் போய்விடும். பிஷப்பை டி3க்கு வைத்தால் தாக்குதலுக்கு அழகாக இருக்கும். ஆனால் ராணி டி வரிசையில் பார்க்கிற பார்வையை அது மறைத்துவிடும். ஈ2க்கு வைத்தால் அழகு குறைவு, பத்திரம் கூட. இரண்டுக்கும் கணக்கு உண்டு.

இரண்டு: ராஜா பக்கம் தாக்குவது. ஈ5 சிப்பாய் காரணமாகக் கறுப்பின் ராஜா பக்கத்தில் காவல் குதிரை இல்லை. பிஷப் டி3இலும் குதிரை எஃப்3இலும் ராணி டி1இலும் நின்று, கறுப்பு காஸ்லிங் செய்துவிட்டால், எச்7இல் ஒரு பழைய அடி இருக்கிறது. பிஷப் எச்7 சிப்பாயை வெட்டிச் செக் வைக்கும். ராஜா பிஷப்பை வெட்டும். குதிரை ஜி5க்குப் பாய்ந்து செக். ராஜா ஜி8க்குத் திரும்பினால் ராணி எச்5க்கு வந்து, எச்7இல் செக்மேட் வைக்கப் பார்க்கும். கறுப்புக் காய்கள் எல்லாம் மறுபக்கம் இருந்தால் தப்புவது கடினம்.

ஆனால் இந்த அடி எப்போதும் பலிக்காது. ஈ7இல் கறுப்பு பிஷப்போ டி8இல் கறுப்பு ராணியோ நின்று ஜி5ஐப் பார்த்துக்கொண்டிருந்தால் குதிரை அங்கே பாய்ந்ததும் வெட்டுப்படலாம். எஃப்5இல் கறுப்புக் குதிரை நின்றால் பிஷப்பின் வழியே அடைபட்டிருக்கும். காய் ஒன்றைச் சும்மா கொடுப்பதற்கு முன் கடைசி வரை எண்ணிப் பாருங்கள்.

மூன்று: ஏ3, பி4 தள்ளி ராணி பக்கத்திலும் இடம் பிடிப்பது. பி4 வந்தால் கறுப்பின் சி5 சிப்பாய் வெட்டுவதா விடுவதா என்று முடிவு எடுக்க வேண்டி வரும்.

நான்கு: தன்னுடைய நல்ல பிஷப்பைக் காப்பாற்றுவது. வெள்ளைச் சிப்பாய்கள் கறுப்புக் கட்டங்களில் நிற்கின்றன. ஆகவே வெள்ளைக் கட்டத்தில் ஓடுகிற எஃப்1 பிஷப்தான் நல்ல பிஷப். கறுப்பு அதை மாற்றிக்கொள்ள வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

பலர் விழுந்த பொறி

இதைக் கட்டாயம் பலகையில் வைத்துப் பாருங்கள்.

3. சிப்பாய் ஈ5, சிப்பாய் சி5. 4. சிப்பாய் சி3, குதிரை சி6. 5. குதிரை எஃப்3, ராணி பி6. 6. பிஷப் டி3. இப்போது கறுப்பு டி4இல் சிப்பாயை வெட்டுகிறது. 7. வெள்ளை சி3 சிப்பாயால் திருப்பி வெட்டுகிறது.

டி4ஐ இப்போது கறுப்புக் குதிரையும் ராணியும் தாக்குகின்றன. வெள்ளைக் குதிரை ஒன்றுதான் தாங்குகிறது. "இந்தா, சும்மா ஒரு சிப்பாய்" என்று கை துடிக்கும். குதிரை டி4ஐ வெட்டும். 8. வெள்ளைக் குதிரை அதை வெட்டும். கறுப்பு ராணி வெள்ளைக் குதிரையை வெட்டும். அதற்குப் பிறகு 9. பிஷப் பி5, செக்! பிஷப் விலகியதும் டி1 ராணி டி4இல் நிற்கும் கறுப்பு ராணியை நேரே பார்க்கிறது. கறுப்பு செக்குக்குப் பதில் சொல்ல வேண்டும். அதற்குள் ராணி போய்விடும்.

சரியான வழி என்ன? ஏழாவது நகர்த்தலில் முதலில் பிஷப்பை டி7க்கு வைக்க வேண்டும். அப்போது பி5 செக் பலிக்காது. டி4 சிப்பாய்க்கு ஆபத்து உண்மையாகிவிடும். ஒரு நகர்த்தல் பொறுத்தவருக்குச் சிப்பாய், பொறுக்காதவருக்கு ராணி நட்டம்.

அதன் பிறகும் வெள்ளைக்கு ஒரு துணிச்சலான வழி உண்டு. சிப்பாய் போனால் போகட்டும் என்று 8ஆவது நகர்த்தலில் காஸ்லிங் செய்துவிடலாம். கறுப்பு டி4ஐ வெட்டி, குதிரைகள் மாறி, ராணி நடுப்பலகைக்கு வந்த பிறகு வெள்ளை குதிரையை சி3க்கு வைக்கும். ஒரு சிப்பாய் குறைவு. ஆனால் காய்கள் வேகமாக வெளியே வந்துவிட்டன. இதற்கு மில்னர்-பாரி என்ற ஆங்கிலேய ஆட்டக்காரரின் பெயர் வைத்திருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியரின் இரகசியச் செய்திகளை உடைத்துப் படித்த குழுவில் இருந்தவர் இவர்.

கார்ல்ஸ்பாத், 1911

நாம் மேலே சொன்ன நிம்சோவிச் 1911இல் கார்ல்ஸ்பாத் நகரத்துப் போட்டியில் வெள்ளைக் காயில் சால்வே என்பவரோடு இந்த ஆட்டத்தை விளையாடினார். அந்த ஊர் இன்றைய செக் நாட்டில் கார்லோவி வாரி என்ற பெயரில் இருக்கிறது.

ஆறாவது நகர்த்தல் வரை நாம் பார்த்த வழிதான். கறுப்பு ஆறாவதில் பிஷப்பை டி7க்கு வைத்தது. ஏழாவதில் நிம்சோவிச் டி4 சிப்பாயால் சி5ஐ வெட்டினார். தன் சங்கிலியின் அடிக்கல்லைத் தானே உருவிவிட்டார். அடுத்தது கறுப்பு எஃப்6 தள்ளியது. கொஞ்ச நேரத்தில் ஈ5 சிப்பாயும் இல்லாமல் போனது. பார்த்தவர்களுக்கு வெள்ளையின் நடுப்பலகை காலியானது போல இருந்திருக்கும்.

ஆனால் 17ஆவது நகர்த்தலில் பலகை எப்படி இருந்தது? டி4இல் சிப்பாய்க்குப் பதில் வெள்ளை பிஷப். ஈ5இல் சிப்பாய்க்குப் பதில் வெள்ளைக் குதிரை. கறுப்பின் ஈ6, டி5 சிப்பாய்கள் ஒரு கட்டம்கூட நகர முடியவில்லை. அவற்றின் பின்னால் கறுப்பு பிஷப் அடைபட்டே கிடந்தது. வெள்ளை பொறுமையாக யானைகளைக் கொண்டுவந்தது. 24ஆவது நகர்த்தலில் பிஷப் எச்7 சிப்பாயை வெட்டியது. 39ஆவது நகர்த்தலில் கறுப்பு தோல்வியை ஒப்புக்கொண்டது.

வெள்ளைக்குப் பாடம்: சிப்பாய் போனாலும் அது நின்ற கட்டத்தை விடாதே. அந்தக் கட்டத்தில் காயை வைக்க முடிந்தால் சங்கிலி போனதற்குக் கவலைப்பட வேண்டியதில்லை. கறுப்புக்குப் பாடம்: சங்கிலியை உடைத்தால் மட்டும் போதாது. உடைத்த பிறகு அந்த இடத்தில் யார் உட்காரப் போகிறார் என்பதையும் பார்க்க வேண்டும்.

சிங்கப்பூர், 2024

பழைய கதை மட்டும்தானா என்று கேட்பீர்கள். 2024 நவம்பரில் சிங்கப்பூரில் உலகச் சாம்பியன் போட்டி தொடங்கியது. சென்னையில் பிறந்த 18 வயது குகேஷ், சீனாவின் டிங் லிரெனோடு மோதினார். முதல் ஆட்டத்தில் குகேஷ் வெள்ளை. ஈ4 தள்ளினார். உலகச் சாம்பியனாக இருந்த டிங் ஈ6 தள்ளினார். நமது பிரெஞ்சுத் தடுப்பேதான். வெள்ளை மூன்றாவதில் குதிரையை சி3க்கு வைத்து, நான்காவதில் சிப்பாயை ஈ5க்குத் தள்ளியது. ஐந்தாவதில் கறுப்பின் பதில் என்ன தெரியுமா? சிப்பாய் சி5. 42 நகர்த்தலில் கறுப்பு வென்றது.

முதல் ஆட்டத்திலேயே வெள்ளையில் தோற்ற குகேஷ் மூட்டை கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகவில்லை. 14 ஆட்டங்கள் முடிந்தபோது ஏழரைக்கு ஆறரை என்ற கணக்கில் வென்று உலகச் சாம்பியன் ஆனார்.

நம் பிள்ளையின் ஆட்டம்

இப்போது அந்தக் கொப்பிக்குத் திரும்புவோம். 1. ஈ4, ஈ6. 2. டி4, டி5. 3. ஈ5. இங்கே பிள்ளை குதிரையை சி6க்கு வைத்திருந்தது. நல்ல காய், நல்ல கட்டம். ஆனால் அதற்குப் பின்னால் சி7 சிப்பாய் அடைபட்டுவிட்டது. சி5 தள்ள வழி இல்லை. அடிக்கல்லை அரிக்கிற தண்ணீருக்குத் தானே அணை போட்டுவிட்டது போல ஆகிவிட்டது.

பிறகு மற்றக் குதிரை, பிஷப், காஸ்லிங் எல்லாம் பிள்ளை ஒழுங்காகத்தான் செய்தது. ஆனால் வெள்ளையின் டி4ஐ யாரும் தொடவில்லை. தொல்லை இல்லாத எதிராளி நிதானமாகக் காய்களை எல்லாம் ராஜா பக்கம் கொண்டுவந்து அடித்தார். எதிராளி பெரிய கெட்டிக்காரர் என்பதால் வந்த தோல்வி இல்லை. ஒரு நகர்த்தலின் வரிசை மாறியதால் வந்த தோல்வி. முதலில் சி5, பிறகு குதிரை சி6.

"அப்போ அங்கேயே முடிஞ்சிருச்சா?" என்று பிள்ளை கேட்டது. இல்லை. குதிரையை சி6இல் இருந்து ஏ5க்கு எடுத்துவிட்டு சி5 தள்ளியிருக்கலாம். காஸ்லிங்குக்குப் பிறகு எஃப்6 தள்ளியிருக்கலாம். வைத்த குதிரையைத் திரும்ப எடுப்பது அரைப் பேர் மாதிரிதான். வேலை செய்தோம், முழுக் கணக்கு விழவில்லை. அதற்காக ஆட்டம் போய்விடவில்லை. இடம் குறைவு என்பது ஒரு நிலைமை. தோல்வி என்பது வேறு. இரண்டையும் ஒன்றாக நினைத்த நேரத்தில்தான் அது தோற்றது.

லயத்துக் காம்பராவில் ஒரு குடும்பம் எப்படிப் புழங்குகிறது என்பது நமக்குத் தெரியும். பாயைச் சுருட்டினால் படிக்கிற இடம், விரித்தால் படுக்கிற இடம். இடம் குறைவு என்று யாரும் வாழாமல் இருக்கவில்லை. அதே நேரம், கதவைத் திறக்கிற வழியைத் தேடாமலும் இருக்கக் கூடாது. பிரெஞ்சுத் தடுப்பும் இப்படித்தான். சும்மா பொறுத்துக்கொண்டு இருப்பதற்கு இந்த ஆட்டம் இல்லை. நெருக்கடியில் நிதானமாக நின்று, சி5 என்றும் எஃப்6 என்றும் கதவைத் திறப்பதற்கு இந்த ஆட்டம்.

வீட்டுப் பயிற்சி

விடையைப் பார்க்காமல் முதலில் பலகையில் வைத்துப் பாருங்கள்.

1. மூன்றாவது நகர்த்தலில் கறுப்பு சி5 தள்ளியதும் வெள்ளை உடனே டி4 சிப்பாயால் சி5ஐ வெட்டினால் கறுப்பு என்ன செய்யலாம்? அதில் யாருக்கு நன்மை?

2. பொறிப் பாடத்தில், ஏழாவது நகர்த்தலில் கறுப்பு குதிரையால் டி4ஐ வெட்டாமல் எந்தக் காயை எங்கே வைக்க வேண்டும்? ஏன்?

3. கறுப்பு காஸ்லிங் செய்துவிட்டது. கறுப்பு பிஷப் ஈ7இல் நிற்கிறது. வெள்ளை பிஷப் டி3இல், குதிரை எஃப்3இல், ராணி டி1இல். எச்7இல் பிஷப்பைக் கொடுக்கலாமா?

4. கறுப்பு சி4 தள்ளியதும் வெள்ளைக்கு எந்தக் கவலை குறைகிறது?

விடைகள்

1. கறுப்பு எஃப்8 பிஷப்பால் சி5ஐ வெட்டலாம். வெட்டும்போதே ஒரு காய் வெளியே வந்துவிடுகிறது. ஈ5 சிப்பாய்க்குக் கீழே இருந்த அடிக்கல்லும் போய்விட்டது. கறுப்புக்கு வசதியான ஆட்டம். நிம்சோவிச்சும் சி5ஐ வெட்டினாரே என்று கேட்கலாம். அவர் குதிரையையும் பிஷப்பையும் வெளியே வைத்துக்கொண்டு, அந்தக் கட்டங்களில் உட்காரத் தயாரான பிறகுதான் வெட்டினார். தயாராகும் முன் வெட்டுவது வேறு, தயாரான பின் வெட்டுவது வேறு.

2. பிஷப் டி7. பி5இல் வருகிற செக்கை அது முன்கூட்டியே அடைத்துவிடுகிறது.

3. பெரும்பாலும் சரிவராது. குதிரை ஜி5க்குப் பாய்ந்ததும் ஈ7 பிஷப் அதை வெட்டிவிடும். வெள்ளை எச்4 சிப்பாய், எச்1 யானை போன்ற வேறு உதவியை முன்பே வைத்திருந்தால் மட்டும் எண்ணிப் பார்க்கலாம்.

4. டி4 பற்றிய கவலை. சி5 சிப்பாயின் தாக்குதல் போய்விட்டதால் வெள்ளைக் காய்கள் காவலை விட்டு ராஜா பக்கம் போகலாம்.

பிள்ளைகளே, நாலு விடையும் சரியாக வராவிட்டால் பரவாயில்லை. இரண்டு பேராக உட்கார்ந்து, ஒருவர் வெள்ளை, ஒருவர் கறுப்பு என்று இதே மூன்று நகர்த்தலில் தொடங்கிப் பத்து ஆட்டம் விளையாடுங்கள். ஐந்து ஆட்டம் முடிந்ததும் பக்கத்தை மாற்றுங்கள். எதிராளியின் கஷ்டம் என்ன என்று தெரிந்தவருக்குத்தான் தன்னுடைய பலம் என்ன என்று தெரியும். ஒவ்வொரு ஆட்டத்தையும் கொப்பியில் எழுதி வையுங்கள். எழுதாத ஆட்டத்தில் தோற்றால் அழத்தான் முடியும். எழுதிய ஆட்டத்தில் தோற்றால் படிக்க முடியும்.

பெற்றோரிடம் ஒரு வார்த்தை. பிள்ளை தோற்று வரும்போது "சொன்னேனே, நமக்கு எதுக்கு இது" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். "எந்த எடத்துல பிழைச்சிச்சு, காட்டு பார்ப்போம்" என்று கேளுங்கள். உங்களுக்கு ஆட்டம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. கேட்கிற ஒரு ஆள் இருந்தால் பிள்ளை அடுத்த போட்டிக்குப் போகும்.

நாம் சொன்ன அந்தப் பிள்ளை, நாம் பேசி முடித்த அன்றைக்கே கொப்பியைத் திருப்பி வாங்கிக்கொண்டது. மூன்றாவது நகர்த்தலுக்குப் பக்கத்தில் சிவப்புப் பேனையால் "சி5" என்று எழுதிக்கொண்டது. அடுத்த போட்டி எப்போது என்றும் கேட்டது.

அடுத்த பாடத்தில் சந்திப்போம். அதுவரை அடிக்கல்லில் கண் வையுங்கள்.